இருநூற்றுப் பத்து மீட்டர்

முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகும் ஓட்டத்தை நிறுத்தாமல், வாழைப்பழம் கொடுக்கும் மேசையை இரண்டு முறை வலம் வந்து, இடது மணிக்கட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, அதன் பிறகே நிற்பவர் எவரோ அவரே கிளப் ரன்னர் என்று இலக்கணம் வகுத்துவிடலாம். வலம் வருவது நேர்த்திக்கடன் அன்று. செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு தன் இருப்பிடத்தைக் கணித்துக்கொள்ளும் அவருடைய ஜிபிஎஸ் கடிகாரம் 9.96 கிலோமீட்டர் என்று காட்டியிருக்கிறது. ஓடியதைப் பதிவேற்றி ஒருவரையொருவர் மெச்சிக்கொள்ளப் பயன்படும் ஸ்ட்ராவா என்னும் செயலியோ, பத்து நிறையாத ஓட்டத்தைப் பத்து கிலோமீட்டர்ச் சாதனைகளின் வரிசையில் சேர்ப்பதில்லை. ஆகவே குறைகிற நாற்பது மீட்டரை அவர் மெடலுக்காக நிற்போரின் வரிசைக்குக் குறுக்கே ஓடி நிரப்பிக்கொள்கிறார்.

குறைவது சிறு நோய். கூடுவதே பெரு நோய். கடிகாரம் 10.21 என்று காட்டிவிட்டால், மெடலைக் கழுத்தில் போட வரும் மாணவியைக் கையமர்த்திவிட்டு, அமைப்பாளரைத் தேடி அவர் புறப்படுகிறார். சென்னையில் ஞாயிறுதோறும் ஏதேனும் ஒரு மருத்துவமனையோ வங்கியோ ரோட்டரி சங்கமோ தன் பெயரில் நடத்தும் பந்தயங்களில், அமைப்பாளர் என்பவர் பெரும்பாலும் முந்திய இரவு கண்ணயராத, ஒரு கையில் வாக்கிடாக்கியும் மறு கையில் ஆறிப்போன காப்பியும் வைத்திருக்கிற இளைஞராக இருப்பார். "தம்பி, பத்து புள்ளி ரெண்டு ஒண்ணு. நீங்களே பாருங்க" என்று மணிக்கட்டு அவர்முன் நீட்டப்படுகிறது. "அளந்துதான் சார் போட்டோம்" என்கிறார் அவர். "எதை வச்சு அளந்தீங்க? ஆக்டிவாவை வச்சா?" என்று கேட்கும்போது ரன்னரின் குரலில் ஓடிவந்த களைப்பு மருந்துக்கும் தென்படுவதில்லை, எட்டாவது கிலோமீட்டரில் காணாமற்போன தெம்பு முழுவதும் இந்த ஒரு கேள்விக்காகவே சேமித்து வைக்கப்பட்டிருந்ததோ என்று ஐயுறத் தோன்றுகிறது.

அடுத்த கட்டம் சாட்சி சேர்த்தல். தம் கிளப்பின் பெயர் அச்சிட்ட பனியனோடு முடிவுக் கோட்டைக் கடந்து, இடுப்பில் கையூன்றிக் குனிந்து நிற்கும் ஒவ்வொருவரிடமும் சென்று, வாழ்த்தோ நலம் விசாரிப்போ இன்றி, "உங்க வாட்ச்ல எவ்வளவு?" என்று கேட்கிறார். ஒருவருக்கு 10.14, இன்னொருவருக்கு 10.18, மற்றொருவருக்கு 10.26 என்று ஒரே சாலை ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஒவ்வொரு நீளமாக இருக்கக் காண்கிறார். அளக்கும் கருவியின்மீது சிறிதேனும் சந்தேகத்தை எழுப்பியிருக்க வேண்டிய இந்தச் செய்தி, அவரிடத்தில் சாலையின் குற்றத்துக்குப் பெரும்பான்மை வாக்காக மாறிவிடுகிறது. 9.99 என்று சொன்ன அப்பாவிக்குக் கடிகாரத்தை மாற்றும்படி அறிவுரை வழங்கப்படுகிறது.

பிறகு வகுத்தல் கணக்கு. முடிவுப் பட்டியலில் அவருக்குரிய நேரம் 1:00:48. இது சிப் டைம் எனப்படுவது. எண் அட்டையின் பின்புறம் ஒட்டிய சில்லு, தொடக்கத்திலும் முடிவிலும் விரித்திருக்கும் பாய்களைக் கடக்கும்போது பதிவாகும் நேரம். பந்தயம் தொடங்கிவைக்கப்பட்ட நொடியிலிருந்து எண்ணப்படும் கன் டைம் இதைவிட அதிகமாக இருக்கும். அதை அவர் வாயால் சொல்வதில்லை. 1:00:48ஐ 10.21ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 57 விநாடி, கூடுதலான 210 மீட்டருக்கு அந்த வேகத்தில் 75 விநாடி, கழித்தால் 59:33. காய்கறிக் கடையில் மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கிவருகிற மனிதர், வியர்வை கண்ணில் வழிய வழிய இத்தனையையும் மனக்கணக்காகவே போட்டு முடிக்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் பத்து கிலோமீட்டர் என்பது அவருடைய நெடுநாள் வைராக்கியம். அவரைப் பொறுத்தவரை அது இன்று நிறைவேறிவிட்டது, பட்டியலில் ஏறாமற்போனது எழுத்துப் பிழை. 2023 அக்டோபரில் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 42.195 கிலோமீட்டர் மாரத்தானை 2:00:35இல் ஓடினாரே, அந்தச் சராசரி வேகத்தில் போனவர் இந்த 1:00:48க்குள் 21 கிலோமீட்டரைத் தாண்டியிருப்பார் என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுவது நாகரிகமன்று.

சாலையின் நீளம் எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை அவருக்கு விளக்க முயன்றோர் உண்டு. முறையாகச் சான்றளிக்கப்படும் பந்தயத் தடங்கள் மிதிவண்டியால் அளக்கப்படுகின்றன. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜான் ஜுவெல் ஒழுங்குபடுத்திய இம்முறைக்கு, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஆலன் ஜோன்ஸ் உருவாக்கிய எண்ணி, அதாவது முன்சக்கரத்தின் அச்சில் பொருத்தப்பட்டுச் சுழற்சியின் சிறு பின்னங்களையும் எண்ணிக்காட்டும் கருவி, பெருந்துணையாயிற்று. எஃகு நாடாவால் அளந்து வைத்த நேர்கோட்டுத் துண்டின்மீது வண்டியை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று முதலில் கண்டுகொள்வார்கள். வெயிலேற டயரின் காற்றழுத்தம் மாறும் என்பதால் அளந்து முடித்த பிறகும் அதே துண்டில் ஓட்டிச் சரிபார்ப்பார்கள். வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியே மிதிவண்டி செல்லும். தடம் ஒருபோதும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் வேண்டுமென்றே கூட்டியும் வைப்பார்கள். எனவே ஒழுங்காக அளந்த பத்து கிலோமீட்டர் என்பது பிறக்கும்போதே பத்து மீட்டர் கூடுதலாகத்தான் பிறக்கிறது.

மீதி இருநூறு மீட்டரை உண்டாக்கியவர் ரன்னரே. காமராசர் சாலை அகலமானது. அதில் நடுவில் தொடங்கி, செல்ஃபி எடுத்தபடி நடப்போரை இடமும் வலமுமாகச் சுற்றிக்கொண்டு, எதிரோரத்து மேசையில் தண்ணீருக்காக ஒரு முறையும், நண்பரின் கேமராவுக்காக இன்னொரு முறையும் குறுக்கே கடந்து, ஒவ்வொரு வளைவையும் வெளிப்புறமாகவே எடுத்தவர், மிதிவண்டி சென்ற வழியில் ஒரு நூறடிகூடத் தொடர்ந்து ஓடியதில்லை. கடிகாரமும் தன் பங்குக்கு, மரநிழலிலும் உயர்ந்த கட்டடங்களின் இடையிலும் இருப்பிடத்தைச் சில மீட்டர் தவறவிட்டு, தவறிய புள்ளிகளையெல்லாம் கோடிழுத்துச் சேர்த்து நீளத்தைப் பெருக்கிவைக்கிறது. அடையாறு கஸ்தூரிபா நகரின் தூங்குமூஞ்சி மரங்களுக்கடியில் அவர் ஓடிய பாதை செயலியின் வரைபடத்தில் சில வீடுகளின் சமையலறை வழியாகச் செல்வதை எவரும் காணலாம். இத்தனையையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட பின் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "அப்போ சாட்டிலைட் பொய் சொல்லுதா?"

அவர் சொல்வது சில நாள்களில் உண்மையாகவும் இருந்துவிடுகிறது என்பதே இவ்வாராய்ச்சியில் மிகவும் எரிச்சலூட்டும் முடிவு. உள்ளூர்ப் பந்தயங்கள் பலவற்றில் எண்ணியும் இல்லை, எஃகு நாடாவும் இல்லை. திரும்புமிடத்தைக் குறிக்கும் கூம்பைப் போக்குவரத்துக் காவலர் விடியற்காலையில் நூறு மீட்டர் தள்ளி வைக்கச் சொன்னால், போகவும் வரவுமாக இருநூறு மீட்டர் கூடிவிடும். வெளிநாட்டு முன்னுதாரணங்களும் அவர் நாவில் தயாராக இருக்கின்றன: மான்செஸ்டர் மாரத்தானின் தடம் 2013 முதல் 2015 வரை மூன்று ஆண்டுகளும் 380 மீட்டர் குறைவாக இருந்ததாகப் பின்னர் அறிவிக்கப்பட்டது, 2021இல் பிரைட்டன் மாரத்தான் 568 மீட்டர் நீண்டுவிட்டது. ஆனால் மான்செஸ்டரை அவர் விரும்பி மேற்கோள் காட்டுவதில்லை. தடம் குறைந்து, கடிகாரம் 9.78 காட்டி, அதன் பயனாகவே தம் வாழ்நாளின் சிறந்த நேரம் வாய்த்துவிட்ட ஞாயிறுகளில் அவர் எவரையும் தேடிச் செல்வதில்லை. மேம்பாலத்தடியில் சிக்னல் கிடைக்கவில்லை என்று தாமாகவே விளக்கம் அளித்து, அன்று மட்டும் பட்டியலை வேதவாக்காக ஏற்கிறார்.

மணிக்கட்டின்மீதுள்ள இந்தப் பற்றினால் விளைந்த இழப்பும் ஒன்றுண்டு. முடிவுக் கோட்டில் பாயை மிதிக்கும் அதே நொடியில் கடிகாரத்தை நிறுத்தியாக வேண்டியிருப்பதால், புகைப்படக்காரர்கள் காத்திருந்து எடுக்கும் படங்கள் அனைத்திலும் அவர் தலைகுனிந்தே இருக்கிறார். கைகளை உயர்த்தி வருவோரும் கண்கலங்கி வருவோரும் இருக்கும் அந்தத் தொகுப்பில் அவர் பங்காக உச்சந்தலை மட்டும் கிடைக்கிறது. அவரது வழுக்கையின் வளர்ச்சியை ஆண்டுவாரியாக ஆராய விரும்புவோர்க்கு அது அரிய ஆவணம்.

ஏனைய பழக்கங்களை விரித்துரைக்க அவசியமில்லை. சனிக்கிழமை வரவேற்புகளில் மணமக்கள் மேடையேறுமுன்பே மொய் உறையை எவர் கையிலாவது திணித்துவிட்டுத் தயிர்சாதத்துக்காக வீடு திரும்புவார்; மூன்று மணி அலாரத்தால் தம்மைத் தவிர வீட்டிலுள்ள அனைவரையும் எழுப்புவார்; ஷூவின் விலையைப் பாதியாக்கியே மனைவியிடம் சொல்வார். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடிப் பதினோராவதாக வந்தவரும், 1978இல் ஜலந்தரில் 2:12:00 என்ற நேரத்தில் ஓடிப் பல பத்தாண்டுகளுக்கு அசையாத தேசியச் சாதனை படைத்தவருமாகிய ஷிவ்நாத் சிங்கைப் பற்றிய செய்தியை வாட்ஸப் குழுவில் அடிக்கடி பகிர்வார். அடுத்த செய்தியிலேயே கார்பன் தகடு வைத்த ஷூ எங்கே தள்ளுபடியில் கிடைக்கும் என்று விசாரிப்பார்.

தண்ணீர் மேசையருகே அவர் நடந்துகொள்ளும் விதத்தில் மட்டும் நகைப்பதற்கு ஏதுமில்லை. விடியுமுன் மூன்றரை மணிக்கே வந்து, கோப்பைகளை வரிசையாக நிரப்பி, கை வலிக்க நீட்டிக்கொண்டு நிற்கும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடம் "எலக்ட்ரால் எங்கே? ரெண்டாவது பாயிண்ட்லயே சொன்னேனே!" என்று அவர் கத்துகிறார், இரண்டு மிடறு குடித்த கோப்பையை, பத்தடி தூரத்தில் குப்பைத் தொட்டி இருக்கையிலேயே, சாலையில் எறிகிறார். தாம் செலுத்திய கட்டணத்தில் அதைப் பொறுக்குவதற்கான கூலியும் அடக்கம் என்பது அவர் துணிபு. முன்னதாக முடித்துவிட்ட அவரும் அவர்தம் நண்பர்களும் ஆளுக்கு மூன்று வாழைப்பழமும் இரண்டு உப்புமாப் பொட்டலமும் எடுத்துப் போவதால், ஒன்றே முக்கால் மணி நேரம் தம்மை இழுத்துக்கொண்டு வந்து சேர்வோர், அவர்களுள் முதன்முறையாக ஓடுவோரே மிகுதி, காலிப் பெட்டிகளையே காண்கிறார்கள். நெடுந்தூரம் ஓடத் தெரிந்தவருக்கு இதைத் தனியே கற்பிக்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு.

ஆயினும் இவரேதான், தம் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த எவரேனும் இன்னும் வந்து சேரவில்லை என்று அறிந்தால், வழக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடுகிறார். நேப்பியர் பாலத்தருகே முடியும் பந்தயத்தில், காந்தி சிலைக்குச் சற்று இப்பால், முழங்காலைப் பிடித்தபடி நடந்துவரும் ஐம்பத்தெட்டு வயது அம்மையாரை அவர் கண்டுபிடிக்கிறார். சட்டைப்பையிலிருந்து நசுங்கிய கடலைமிட்டாய் ஒன்று வெளிவருகிறது. தாம் வெயில் படும் பக்கத்துக்கு மாறிக்கொண்டு, "வந்துட்டோம்க்கா, இன்னும் இருநூறு மீட்டர்தான்" என்கிறார். விவேகானந்தர் இல்லத்தின் எதிரில் இன்னும் இருநூறு மீட்டர்தான் இருக்கிறது. உழைப்பாளர் சிலையருகிலும் இருநூறு மீட்டர்தான். பல்கலைக்கழகத்தின் முன்பாக அந்த அம்மையார் சந்தேகத்தோடு ஏறிட்டுப் பார்க்கும்போதும், சற்று முன்பு 210 மீட்டருக்காக ஓர் இளைஞரின் தூக்கமற்ற கண்களில் நீர் வரவழைத்த அதே மனிதர், முகத்தில் சிறு சலனமுமின்றி, "நூத்தியெண்பது" என்று திருத்துகிறார். அம்மையார் சிரித்துவிடுகிறார், சிரித்த வேகத்தில் நூறு மீட்டர் ஓடியும் விடுகிறார்.

அம்மையாரின் கையில் அன்றைக்குக் கடிகாரம் ஏதும் இருப்பதில்லை என்பதால் இந்தப் பொய்கள் எளிதாகச் செல்லுபடியாகின்றன. அந்தக் குறையையும் ரன்னர் விட்டுவைப்பதில்லை. மறுவாரமே கடைக்கு அழைத்துச் சென்று, மாதிரிகளை ஒப்பிட்டு, தள்ளுபடி பேசி, ஒன்றை வாங்கிக் கட்டிவிடுகிறார். அதற்கடுத்த பந்தயத்தில் வாக்கிடாக்கி இளைஞர் தம்முன் இரண்டு மணிக்கட்டுகள் நீண்டிருக்கக் காண்கிறார், இரண்டாவதாக நீண்டதற்குரிய குரல், "எனக்குப் பத்து புள்ளி மூணு நாலு காட்டுதே தம்பி, நீங்க எதை வச்சு அளந்தீங்க?" என்று கேட்கிறது.