36 மணி நேரத் தொழிலதிபர்கள்

ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, குறித்த மணி நேரத்துக்குள் அதற்கு ஒரு செயலியோ கருவியோ செய்து காட்டும் போட்டியே ஹேக்கத்தான். அங்கே தூங்கக் கூடாது என்று விதி ஏதும் இல்லை, நேரம்தான் இல்லை. இந்தியாவில் இவற்றுள் பெரியது மத்தியக் கல்வி அமைச்சகமும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் (ஏஐசிடிஇ) நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான். அதன் முதல் இறுதிச்சுற்று 2017 ஏப்ரல் 1, 2 தேதிகளில் 26 மையங்களில் நடந்தது. சுமார் 10,000 மாணவர்கள் கலந்துகொண்டனர். தேதியில் உள்குத்து எதுவும் இல்லை. மென்பொருளுக்கு 36 மணி நேரம். வன்பொருளுக்கு 5 நாள். சாலிடர் வைத்த வயர் சொன்ன பேச்சைக் கேட்க அவ்வளவு காலம் பிடிக்கும்.

அணிக்கு 6 பேர். அதில் ஒருவராவது மாணவியாக இருக்க வேண்டும். வேலைப் பங்கீடு எல்லாக் கல்லூரிகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் பிபிடி தயாரிப்பார். ஒருவர் ஆங்கிலம் பேசுவார். ஒருவர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அடுத்த அணி இழுத்துப்போகாமல் காவல் காப்பார். ஒருவர் டீ வாங்கப் போவார். ஒருவர் டீம் லீடர். கோடிங் முழுவதையும் முடிப்பவர், விதிக்காகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட அந்த மாணவி.

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டிலிருந்து செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரிக்கோ சேலம், ஓசூர் கல்லூரிகளுக்கோ பஸ் ஏறும் மாணவர்கள் சிக்கலைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஊரைச் சுற்றித் தக்காளி விளைகிறது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய அதே பழம், வரத்து கூடினால் பறிகூலிக்கே கட்டுப்படியாகாமல் செடியிலேயே விடப்படும். இதற்கு ஹேக்கத்தான்களில் பிறக்கும் தீர்வு பெரும்பாலும் ஒன்றே: தரகர் இல்லாமல் விவசாயியையும் வாங்குபவரையும் நேரடியாக இணைக்கும் செயலி.

லோகோவில் சிவப்பாக ஒரு தக்காளி சிரிக்கும். பச்சைப் பொத்தானை அழுத்தினால் அன்றைய விலை வரும். அந்தத் தகவலை விவசாயி விடியற்காலையிலேயே மண்டிக்குப் போன் போட்டுத் தெரிந்துகொள்கிறார். விலை இல்லையென்றால் பழுத்த பழத்தை எங்கே வைப்பது, லாரி வாடகையை யார் கொடுப்பது என்பதே அவர் கேள்வி. குளிர்பதனக் கிடங்குக்குப் பொத்தான் கிடையாது. கடைசியில் நடுவர், வருமானம் எப்படி வரும் என்று கேட்பார். “ஒவ்வொரு விற்பனைக்கும் சின்னதாக ஒரு கமிஷன், சார்” என்று பதில் வரும். தரகரை ஒழிக்கப் பிறந்த செயலி, 36 மணி நேரத்துக்குள் தானே தரகராகிவிடும்.

இத்தனைக்கும் நல்ல யோசனைகள் வராமல் இல்லை. 2019 செப்டம்பரில் சென்னை ஐஐடியில் நடந்த சிங்கப்பூர் - இந்தியா ஹேக்கத்தானில், யார் கவனிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் கேமரா ஒன்று காட்டப்பட்டது. அது நாடாளுமன்றத்துக்குப் பயன்படும், சபாநாயகரிடம் பேசுகிறேன் என்றார் பிரதமர் மோடி. சிக்கல் எங்கே இருக்கிறது என்று அறிந்தவர் சொன்ன பயன் அது.

பரிசுக்குப் பின் வருவதுதான் கடினமான கட்டம். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் நிரல் திருவிழா என்ற ஹேக்கத்தான் நடக்கிறது. அதே அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு, டான்சீட் என்ற திட்டத்தில் புதிய நிறுவனங்களுக்குத் தொடக்க நிதி தருகிறது. ஆனாலும் இறுதியாண்டில் வேலைக்கு ஆளெடுக்கும் நிறுவனம் கல்லூரிக்குள் நுழைந்ததும், நிறுவனர்கள் ஆறு பேரும் பெங்களூருக்கு வண்டியேறிவிடுகிறார்கள். செயலியின் பாஸ்வேர்டு டீ வாங்கப் போனவரிடம் மட்டும் இருக்கும்.

மாணவர்களுக்கு இதில் நஷ்டம் இல்லை. சேர்ந்து வேலை செய்யவும், சொன்ன நேரத்தில் எதையாவது முடிக்கவும், முடியாததை முடிந்ததுபோல் விளக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். மூன்றுமே பிற்காலத்தில் சம்பளம் தரும். நஷ்டம் தக்காளிக்குத்தான். ஆகவே போட்டி நடத்துவோர் நடுவர் நாற்காலிகளில் ஒன்றைப் பாலக்கோட்டு விவசாயி ஒருவருக்கும், இன்னொன்றை மண்டிக்காரர் ஒருவருக்கும் ஒதுக்கலாம். அவர்கள் கேட்கும் முதல் கேள்வியிலேயே பாதி ஸ்லைடுகள் உதிர்ந்துவிடும். மிச்சம் நிற்பதற்குப் பரிசு கொடுங்கள்.