இடதுகால் கணக்கு

நெய்வேலியின் புதிய அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் எந்திரங்கள் இரண்டு, ஆக 1000 மெகாவாட். அதே மின்சாரத்தைச் சைக்கிள் மிதித்து எடுப்பதென்றால், ஆளுக்கு 200 வாட் வீதம் 50 லட்சம் பேர் விடாமல் மிதிக்க வேண்டும். 200 வாட்டை ஒரு மணி நேரம் இழுத்துப் பிடிப்பதே ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரருக்குப் பெரிய விஷயம். ஐந்து மணி நேரம் பிடித்தால் ஒரு யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதை மிதித்தே சம்பாதிக்கக் கிளம்பினால் 500 மணி நேரம் ஆகும்.

சேத்தியாத்தோப்பிலிருந்து வீராணம் ஏரிக்கரைப் பக்கம் விடியலில் ஹெல்மெட்டோடு போகிற ஒருவருக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? தேவையில்லைதான். ஆனால் அவர் பெடலைத் தாங்கும் கிராங்கில் பவர் மீட்டர் மாட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு வேகம், தூரம் எதுவும் கண்ணில் படாது. வாட் மட்டும்தான்.

இந்த வியாதியைத் தொடங்கிவைத்தவர் உல்ரிக் ஷோபரர் என்ற ஜெர்மானியப் பொறியாளர். 1986-இல் அவர் செய்த கருவிதான் எஸ்.ஆர்.எம். கிராங்குக்குள் ஸ்ட்ரெயின் கேஜ் என்ற மெல்லிய பட்டையை ஒட்டிவிட்டார். மிதிக்கும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், பட்டையின் மின்தடை மாறும், அதிலிருந்து முறுக்குவிசை. அதைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வாட்.

இந்தப் பட்டை சேத்தியாத்தோப்புக்குப் புதிதல்ல. மின்னணு எடைமேடையின் அடியில் இருக்கும் லோடு செல்லுக்குள்ளும் இதேதான். எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிற ஊரில், கரும்பு டிராக்டர் மேடையேறுமுன் திரையில் பூஜ்யம் நிற்கிறதா என்று பார்க்க யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பவர் மீட்டருக்கும் முதல் சடங்கு அதுதான். வெப்பத்துக்கு ஈடுகட்டும் ஏற்பாடு உள்ளே இருந்தாலும், மே மாத வெயிலில் சைக்கிளை நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால் மறுபடி பூஜ்யம் பார்த்துக்கொள்வது நல்லது. டீக்கடையில் கூடியிருப்பவர்கள் அதை வண்டிக்குச் சாமி கும்பிடுவதாக எடுத்துக்கொள்வார்கள்.

நம்மவர் முதலில் வாங்குவது இடதுபக்கக் கிராங்கை மட்டும். விலை குறைவு என்று பெயர். அந்தக் காசுக்குச் சாதா சைக்கிள் நாலைந்து வாங்கலாம். அது இடதுகாலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிச் சொல்லும். இடதுகால் 48, வலதுகால் 52 என்று பங்கு போட்டு மிதிக்கிறவர் 200 வாட் கொடுத்தால் திரையில் 192. வலதுகாலின் உழைப்பில் எட்டு வாட் களவு போகிறது! பொறுப்பாரா?

“சார், கிராங்குல பேட்டரி எதுக்கு? லைட் எரியுமா?” என்கிறார் கடைத்தெரு மெக்கானிக்.

“இல்லண்ணே, நான் எவ்வளவு பலமா மிதிக்கிறேன்னு சொல்லும்.”

“மிதிக்கிறது நீங்கதானே? உங்களுக்கே தெரியாதா?”

பதில் இல்லாததால் நம்மவர் அடுத்த சாமானை வாங்குகிறார். அது ஸ்பைடர். வலது கிராங்குக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே மாட்டும் தட்டு. இரண்டு காலின் விசையும் அதன் வழியாகத்தான் செயினுக்குப் போகும் என்பதால் கணக்கு நேர்மையானது. வேறு கம்பெனி ஸ்பைடரை வாங்கி மாட்டும்போதுதான் வம்பு. பழைய பல்சக்கரத்தின் போல்ட் வட்டம் 130 மில்லிமீட்டர், ஸ்பைடருக்கோ 110. பல்சக்கரம் மாற்று. ஸ்பைடருக்குப் பொருந்தக் கிராங்கையும் மாற்ற வேண்டியிருந்தால், புதுக் கிராங்கின் அச்சு 24 மில்லிமீட்டரா, 30-ஆ? ஸ்ராம் கம்பெனி 2018-இல் டப் என்று கொண்டுவந்த அச்சு 28.99. செருப்புக் கடை விலைச்சீட்டு மாதிரி ஒரு புள்ளி குறைத்து! அதற்குத் தனி பேரிங் வேண்டும்.

ஃபிரேமில் பேரிங் உட்காரும் மறை மட்டும் பழைய நண்பர்: பி.எஸ்.ஏ., 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மறை. பர்மிங்காம் துப்பாக்கிக் கம்பெனியின் மூன்றெழுத்து; அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாக நம் தெருவெல்லாம் ஓடியது. இதில் வலப்பக்கப் பேரிங் கப்புக்கு இடது மறை. தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பிக் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகும். கிராங்கை இறுக்கும் போல்ட்டுக்கு ஷிமானோ சொல்வது 12 முதல் 14 நியூட்டன் மீட்டர். காட்டர் பின்னைச் சுத்தியலால் அடித்தே வாழ்ந்த கடையில், கிளிக் சத்தம் போடும் டார்க் ஸ்பேனரை நம்மவர் வீட்டிலிருந்து துணியில் சுற்றி எடுத்துப் போக வேண்டியிருக்கும்.

இதில் ஒரு விஷயம் உருப்படியானது. பல்சக்கரம் தேயும் சாமான், மீட்டர் தேயாத சாமான். இரண்டும் தனித்தனியாகக் கழல வேண்டும். 2019-இல் வந்த ஸ்ராம் ரெட் கிராங்கில் இரண்டும் ஒரே துண்டு. பல் தேய்ந்தால் மீட்டரும் போச்சு. அதைப் பார்க்கும்போது நம்மவரின் போல்ட் பைத்தியமே புத்திசாலித்தனமாகத் தெரிகிறது.

செலவில்லாமல் வாட் ஏற்றவும் வழி உண்டு. பெடலுக்குள் மீட்டர் வைத்திருப்பவர்கள் கிராங்கின் நீளத்தைத் தாங்களே கருவிக்குச் சொல்ல வேண்டும். 165 மில்லிமீட்டர் கிராங்கை மாட்டிவிட்டு, பழைய 172.5-ஐ மாற்ற மறந்தால் 200 வாட் 209 ஆகிவிடும். அந்த மறதியை யாரும் அவசரப்பட்டுத் திருத்துவதில்லை.

இன்னொரு வழி, முட்டை வடிவப் பல்சக்கரம். 2012-இல் பிராட்லி விக்கின்ஸும் 2013-இல் கிறிஸ் ஃப்ரூமும் இத்தகைய சக்கரத்தோடுதான் டூர் டி பிரான்ஸை வென்றார்கள். ஒரு சுற்றுக்குள்ளேயே கால் வேகம் கூடிக் குறைவதால், சுற்று முழுக்க ஒரே வேகம் என்று நம்பிக் கணக்குப் போடும் மீட்டர்கள் சில சதவீதம் தாராளமாகவே காட்டும். நம்மவர் இதைப் படித்துவிட்டார். பார்சல் வடலூர் வரைக்கும் வந்துவிட்டதாம்.