பிரட்டுக் களத்து அஞ்சலை

கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், அந்தக் காலத்தில் விடியற்காலைப் பிரட்டில் மண்டோர் "அஞ்சலை" என்று கூப்பிட்டால் நாலு பேர் "வந்தேங்க" என்பார்கள். அதனால் குட்டை அஞ்சலை, கடைசி லயத்து அஞ்சலை என்று அடைமொழி போட்டுத்தான் வேலை பிரிப்பார்கள். எங்கள் பாட்டி குட்டை அஞ்சலை. தென்னார்க்காட்டுச் சனங்கள் மூட்டை முடிச்சோடு கப்பலேற்றிக் கொண்டுவந்த பேர் அது. கிராணி செக்ரோலில் ஒருவிதமாக எழுத, பிறப்புப் பத்திரத்தில் வேறுவிதமாக விழ, ஐசியில் இன்னொரு விதமாக வர, ஒரே பாட்டி மூன்று பெண்களாக வாழ்ந்து முடித்தார்.

பாட்டி பேர் பேத்திக்கு என்ற வழக்கப்படி அக்காவுக்கும் அதே பேர். கோலாலம்பூரில் ஆபீஸ் வேலை கிடைத்ததும் அக்கா அஞ்சலி ஆகிவிட்டது. கல்யாண மண்டபத்தில் யாராவது பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. 2008-இல் 'வாரணம் ஆயிரம்' படத்தில் அந்தப் பேரில் பாட்டு வந்தது. வீட்டு விசேஷங்களில் அதற்கு விடிய விடிய ஆடினோம். பிள்ளைக்கு மட்டும் யாரும் வைக்கவில்லை.

பேர் மாற்றுவதில் பெரியவர்களும் சளைத்தவர்கள் இல்லை. 1927-இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றப் போராடிச் சிறைக்குப் போனவர் கடலூர் அஞ்சலையம்மாள். கூடவே சிறைக்குப் போன சின்ன மகள் அம்மாக்கண்ணுவைக் காந்தி வார்தாவுக்கு அழைத்துப்போய் லீலாவதி ஆக்கினார். நல்லவேளை, தாயின் பேரில் கைவைக்கவில்லை. 'தென்னாட்டு ஜான்சி ராணி' என்ற பட்டத்தோடு விட்டுவிட்டார்.

நம் ஊர் அஞ்சலைக்கு ஜான்சி ராணி என்பது பட்டமல்ல, படைப்பிரிவு. செந்தூல் அஞ்சலை பொன்னுசாமி, நேதாஜி 1943-இல் அமைத்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். 2022-இல் 102 வயதில் அவர் மறைந்தபோது இந்தியப் பிரதமரே இரங்கல் சொன்னார். 2024-இல் தமிழ்நாட்டு விக்கிரவாண்டி மாநாட்டில் விஜய் கட்சி கடலூர் அஞ்சலையம்மாளுக்குக் கட்-அவுட் வைத்தது. மறுநாள் அக்கா அந்தப் படத்தைக் குடும்ப வாட்சாப்பில் போட்டு, கீழே "என் பேர்" என்று எழுதியிருந்தது!

அதே சூட்டில், அண்ணன் பேத்திக்குப் பேர் தேடிப் பிரிக்பீல்ட்ஸ் எண்கணிதக்காரரிடம் போனபோது அஞ்சலை என்றேன். அவர் கூட்டிக் கழித்து, ஆங்கிலத்தில் ஒரு 'ஹெச்' சேர்த்தால் அமோகம் என்றார். "நல்லாத்தான் இருக்கு சின்ன மாமா, ஆனா ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்களே" என்றாள் பெற்றவள். த்ரிஷிகாஸ்ரீ என்று பதிவாயிற்று. அது வீட்டில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. எல்லாருக்கும் அவள் பாப்பாதான். அதுவும் எங்கள் தோட்டத்துச் செக்ரோலில் இருந்த பேர்தான்.