அவர் ஆலோசிக்கிறார், இவன் இழுத்தடிக்கிறான்

ஆங்கிலத்தில் தயக்கத்துக்குச் சொல் பஞ்சமே கிடையாது. ஹெஸிடேட், வேவர், வாசிலேட், டிதர், ஃபால்ட்டர், டெமர், ஷில்லி-ஷாலி, டில்லி-டாலி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். யோசிக்காமல் கப்பலேறி உலகில் கால்வாசியைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு இத்தனை தயக்கச் சொற்கள் எதற்கு என்று தோன்றத்தான் செய்கிறது. இவற்றுக்குள் என்ன வேறுபாடு என்று கேட்டால், அகராதிக்காரர்கள் காய்ச்சலை அளப்பதுபோல இது லேசு, இது நடுத்தரம், இது முற்றியது என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. மீதிப் பாதியைத் தீர்மானிப்பது தயக்கமே அல்ல. தயங்குகிற ஆளைப் பேசுகிறவருக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்பதுதான். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948இல் பிபிசி வானொலியில் வேடிக்கையாக ஒரு வினைத்திரிபு சொன்னார்: ஒரே குணம் தன்மையில் வந்தால் உறுதி, முன்னிலையில் பிடிவாதம், படர்க்கைக்குப் போனால் முட்டாள்தனம். தயக்கத்துக்கும் அதே இலக்கணம்தான். நான் டெலிபரேட் செய்கிறேன், அதாவது ஆலோசிக்கிறேன். நீங்கள் ஹெஸிடேட் செய்கிறீர்கள். அவன் டிதர் செய்கிறான்.

அகராதிக்குச் சேர வேண்டிய பாதியை முதலில் கொடுத்துவிடலாம். பந்து கவர் பக்கம் உருள்கிறது. ஓடலாமா என்று கிரீஸைவிட்டுக் காலெடுக்காமல் நிற்கிறார் ஒரு பேட்ஸ்மேன். அது ஹெஸிடேட். அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு ஒட்டிக்கொள்வது என்று பொருள். பசையைச் சொல்லும் அட்ஹீஸிவ் இதற்குப் பங்காளி. 'யெஸ்' என்று கத்திவிட்டு நாலடி ஓடிவந்தபின் சந்தேகம் வந்தால் அது வேவர். முன்கூட்டியே ஒரு முடிவு இருந்தால்தான் அது ஆட்டம் காண முடியும். போவதா திரும்புவதா என்று ஆடுகளத்தின் நடுவில் முன்னும் பின்னும் ஊசலாடினால் வாசிலேட். 'நோ' என்று கத்தும்போது குரல் பாதியில் உடைந்தால் ஃபால்ட்டர். ப்ரோக்ராஸ்டினேட் இந்தக் கூட்டத்திலேயே சேராது. அதற்குள் இருக்கும் கிராஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு 'நாளை' என்று பொருள். அந்த ஆசாமி ஓடுவதென்று முடிவெடுத்தாயிற்று, ஆனால் அடுத்த ஓவரில். இவ்வளவும் நியாயமான வேறுபாடுகள், மறுப்பதற்கில்லை. ஆனால் ஸ்டம்ப் சிதறியபிறகு வர்ணனையாளர் வாயைக் கவனியுங்கள். நம்மவர் ரன் அவுட் ஆனால் மிஸ்அண்டர்ஸ்டாண்டிங், பாவம். எதிரணிக்காரர் ஆனால் டிதரிங், வேண்டும் அவருக்கு. ரீப்ளேயில் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் கால்கள் ஆடிய ஆட்டம் ஒன்றேதான்.

சொற்களின் பிறப்பைத் தோண்டினாலும் இந்தப் பாரபட்சம் தெரியும். மரியாதையான தயக்கத்தின் கையில் எப்போதும் ஒரு தராசு இருக்கும். டெலிபரேட் என்பதற்குள்ளேயே லிப்ரா என்கிற தராசு ஒளிந்திருக்கிறது. ஸ்க்ரூபிள் என்றால் லத்தீனில் கூர்மையான சிறு கல். நடக்கவிடாமல் உறுத்துகிற கல்லே மனச்சாட்சியின் உறுத்தலாயிற்று. அதோடு விடவில்லை. பழைய மருந்துக்கடைகளில் ஸ்க்ரூபிள் ஓர் எடையாகவும் இருந்தது: 20 கிரெய்ன், அதாவது சுமார் 1.3 கிராம். மூன்று ஸ்க்ரூபிள் சேர்ந்தால் ஒரு டிராம். கனவான்களின் தயக்கத்தை நிறுத்தே கொடுத்திருக்கலாம். மற்றவர்களுடைய தயக்கமோ நடுக்கமும் தள்ளாட்டமுமாகத்தான் பிறக்கிறது. டிதர் என்றால் முதலில் வெறும் நடுக்கம். ஷில்லி-ஷாலி, 'ஷல் ஐ, ஷல் ஐ' என்று ஒருவன் தன்னையே கேட்டுக்கொண்டு நிற்பதை நையாண்டி செய்யப் பிறந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த மாதிரி இரட்டைச் சொற்களில் இகரம் முன்னால், அகரம் பின்னால் என்று ஆங்கிலத்தில் எழுதாத சட்டம் இருக்கிறது: டில்லி-டாலி, ஜிக்-ஜாக். ஷாலி-ஷில்லி என்று எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார். முடிவெடுக்கத் தெரியாதவனைக் குறிக்கிற சொல், தன்னில் எது முன், எது பின் என்பதில் மட்டும் இம்மியும் தயங்குவதில்லை.

லத்தீனில் பிறந்தால் மதிப்பு, தெருவில் பிறந்தால் ஏச்சு, அவ்வளவுதானே என்று ஒருவர் மடக்கலாம். அப்படியானால் வாசிலேட் செய்கிறார் என்பது பாராட்டாக இருக்க வேண்டும். எந்த அமைச்சரிடமாவது சொல்லிப் பாருங்கள். அதுவும் அசல் லத்தீன்தான், ஆனால் ஆடுகிற உடம்பிலிருந்து வந்தது. தள்ளாடுகிறவனை லத்தீனாலும் தூக்கி நிறுத்த முடியாது.

ஆளுக்கேற்ற சொல் என்பதற்கு ஆப்கானிஸ்தானைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1863இல் அமீர் தோஸ்த் முகமது இறந்ததும் அவருடைய மகன்கள் அரியணைக்கு அடித்துக்கொண்டார்கள். 1864இல் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்த ஜான் லாரன்ஸ் தலையிடவில்லை. காபூல் யார் கையில் இருக்கிறதோ அவரை அங்கீகரித்தார். வேறொருவர் பிடித்ததும் அவரையும் அங்கீகரித்தார். இந்தக் கொள்கைக்கு ஆங்கிலேயர் சூட்டிய பெயர் மாஸ்டர்லி இனாக்டிவிட்டி. கைதேர்ந்த சும்மாயிருத்தல் என்று வைத்துக்கொள்ளலாம். 2009இல் அதே ஆப்கானிஸ்தானுக்கு இன்னும் எத்தனை படைகளை அனுப்புவது என்று அமெரிக்க அதிபர் ஒபாமா கூட்டம் மேல் கூட்டமாகப் போட்டு ஆராய்ந்தார். அக்டோபரில் முன்னாள் துணை அதிபர் டிக் சேனி எழுந்து, டிதர் செய்வதை நிறுத்துங்கள் என்றார். வெள்ளை மாளிகையோ, பொறுப்போடு பரிசீலிக்கிறோம் என்றது. டிசம்பர் 1 அன்று 30,000 வீரர்களை அனுப்பும் முடிவு அறிவிக்கப்பட்டது. அந்த இடைப்பட்ட மாதங்களில் நடந்த கூட்டங்கள் இரு தரப்புக்கும் ஒன்றேதான்; கட்சி மட்டும் வேறு.

சொல்லைத் தீர்மானிப்பது பேசுகிறவர் அல்ல, முடிவில் கிடைக்கும் வெற்றி தோல்விதான் என்று இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். ஃபேபியஸைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். கி.மு. 217இல் ரோமின் சர்வாதிகாரியாக நியமிக்கப்பட்ட அவர், எதிரித் தளபதி ஹானிபலோடு நேருக்கு நேர் மோதாமல் மலைமேட்டிலேயே பின்தொடர்ந்துகொண்டிருந்தார். ரோமானியர்கள் கடுப்பாகி, தாமதக்காரர் என்று பொருள்படும் கன்க்டேட்டர் என்ற பெயரைச் சூட்டினார்கள். அவருடைய துணைத் தளபதியான அவசரக்காரர் மினூசியஸுக்குச் சம அதிகாரமும் கொடுத்தார்கள். அந்த மனிதர் நேராகப் போய் ஹானிபலின் பொறியில் விழ, தாமதக்காரர்தான் வந்து மீட்டார். அடுத்த ஆண்டு, வேறு தளபதிகளின் தலைமையில் ரோமப் படை கன்னேயில் ஹானிபலோடு மோதி அழிந்தது. அதன்பின் கன்க்டேட்டர் ஒரு விருதாயிற்று. 1884இல் லண்டன் சோஷலிஸ்டுகள் தங்கள் சங்கத்துக்கே அவர் பெயரை வைத்துக்கொண்டார்கள். மறுப்பு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபேபியஸ் தன் வழியை மாற்றிக்கொள்ளவே இல்லை. அவரை ஏசியவர்கள்தான் மனம் மாறினார்கள். பிடித்துப்போனதும் அதே சொல் இனித்தது. சேனிதான் முடிவு தெரியும்வரை காத்திருந்தாரா?

ஆங்கிலேயர்கள் தங்களைப் பற்றியே டிதரிங் என்று சிரித்தபடி சொல்லிக்கொள்கிறார்களே என்றும் கேட்கலாம். சொல்வார்கள், சூப்பா சாலடா என்கிற விஷயத்தில். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அறுவைச் சிகிச்சை நிபுணரும் அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார். பெரிய விஷயம் என்றால் அவரவர் தயக்கத்துக்கு அவரவர் ஒரு நல்ல வேட்டி கட்டிவிடுவார்கள். வழக்கறிஞர்களிடம் இதற்கென்றே டெமர் இருக்கிறது. எதிர்த்தரப்பு சொல்வதை ஏற்கத் தயங்குவதையே அவர்கள் முறையான ஒரு மனுவாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த டெமரின் உறவுதான் சென்னைத் துறைமுகத்திலும் ரயில்வே சரக்கு யார்டிலும் எல்லோருக்கும் தெரிந்த டெமரேஜ். அங்கே மட்டும் நீங்கள் ஆலோசித்தீர்களா, ஊசலாடினீர்களா, மனச்சாட்சி உறுத்திற்றா என்று கவுன்டரில் யாரும் கேட்பதில்லை. கெடு தாண்டி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்து, பில்லை நீட்டிவிடுகிறார்கள்.