குதிரை பார்க்கும் மாப்பிள்ளை

ஊருக்கு ஊர் இப்படி ஒரு மாப்பிள்ளை இருப்பார். ஆவுடையார்கோவிலில் இருப்பவர் என் அக்கா மகன். வீட்டு மாடியில் இருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறார். என் உரக்கடைக் கடன் நோட்டை வலைச் செயலியாக்கித் தருவதாகப் போன தையில் வாக்குக் கொடுத்தார்.

சித்திரையில் கேட்டேன். "எழுத ஆரம்பிச்சாச்சா மாப்ளே?"

"எதுல எழுதறதுன்னு முதல்ல முடிவாகணும் மாமா."

முதலில் விம் என்ற எடிட்டர். 1991-இல் வந்தது, மவுஸே தொட வேண்டாம் என்றார். நான் மாடியேறியபோது திரையைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எஸ்கேப்பைத் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, கியூ அடித்து, என்டரையும் தட்டினால்தான் அதிலிருந்து வெளியே வரலாம் என்று தெரிய மத்தியானம் ஆகிவிட்டது.

அடுத்து விஎஸ் கோட். 2015-இல் மைக்ரோசாப்ட் விட்டது, காசில்லை. ஓசிக் குதிரைக்குச் சேணம் தேடியே வைகாசி போனது. அடைப்புக்குறிக்கு ஒரு நிறம், பின்னணிக்கு ஒரு கறுப்பு. அந்தக் கறுப்பிலேயே பதினோரு வகையாம். "உள்தள்ள இடைவெளி ரெண்டா நாலா மாமா?" என்றார். எனக்கு வரவேண்டிய பாக்கி ரெண்டு லட்சமா நாலா என்பதே தெரியவில்லை.

நடுவே பழைய காதல் ஒன்றையும் சொல்லிக் கண்கலங்கினார். ஆட்டம் என்ற எடிட்டர்; 2022 டிசம்பரில் கிட்ஹப் அதை மூடிவிட்டது. அதற்காகச் செய்த எலெக்ட்ரான் என்ற சட்டகத்தின்மேல்தான் இன்றைக்கு விஎஸ் கோடே ஓடுகிறதாம்.

பரி நரியாவது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தில் மாணிக்கவாசகர் இங்கே கோயில் கட்டினார் என்பது கதை. மாப்பிள்ளை அதற்கு நேர் எதிர்: கட்டச் சொன்னால் குதிரை பார்க்கிறார்.

ஆடி பிறந்ததும் கடைசியாகக் கேட்டேன்.

"சூழல் பக்காவா ரெடி மாமா. செயலிதான் பாக்கி."

எங்கள் ஆத்மநாதர் சந்நிதியில் ஆவுடையார் உண்டு, மேலே லிங்கம் இல்லை; சாமி அரூபம். நைவேத்தியமும் புழுங்கலரிசிச் சோற்றின் ஆவிதான். அது அவருக்குப் போதும். யூரியா வாங்கிப்போனவரிடம் ஆவியைக் காட்டிப் பாக்கி வசூலிக்க முடியுமா?

பழைய நோட்டையே தூசி தட்டிப் பிரித்தேன். "மாப்ளே, அந்தப் பேனாவை எடு."

மேசையில் நாலு பேனா கிடந்தது. மாப்பிள்ளை ஒவ்வொன்றாக மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"அவசரப்படாதீங்க மாமா. ஜெல்லா, பால்பாயிண்டான்னு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துடலாம்."