கிளாக்கரையாவின் மக்லாரன்

குருவிட்டையில் ஒரு மனுசன் இராப் பத்து மணிக்கு மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கண்ணில் லென்ஸை ஒட்டி, சாவணத்தில் எதையோ பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஊருக்கு அதில் ஒரே அர்த்தம்தான். கல் கிடைத்துவிட்டது. ஆற்றோரத்தில் குழி, வயலுக்குள் குழி, சிலருக்கு வீட்டுக் கொல்லையிலேயே குழி. பக்கத்து டவுனுக்குப் பெயரே இரத்தினபுரி. இங்கே லென்ஸை வாங்கி வேறு எதைப் பார்ப்பது?

அன்று சன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர் நாகரிகமானவர். எங்கே கிடைத்தது, யாருடைய குழி என்றெல்லாம் நோண்டவில்லை. குரலைத் தாழ்த்தி, "எவ்வளவுங்க ஐயா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் கிளாக்கரையா லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஒண்ணுக்கு இருவது" என்றார்.

மறுநாள் காலை இஸ்தோப்பில் இரண்டு தரகர்கள். இருபது கெரட் கல்லைப் பார்க்க வந்திருந்தார்கள். ஐயாவும் ஒளிக்காமல் எடுத்துக் காட்டினார். அது 1988 ஆம் ஆண்டு மக்லாரன் பந்தயக் காரின் இடது பக்கக் கண்ணாடி. அசலில் இருபதில் ஒரு பங்கு, ஒரு நெல்மணி நீளம். டொபி சுற்றிய வெள்ளித்தாளை வெட்டி ஒட்டியிருந்ததால் வெயிலில் நன்றாகவே மின்னியது. இது விற்பனைக்கு இல்லை என்று அவர் சொன்ன ஒன்றைத்தான் தரகர்கள் நம்பினார்கள். மற்ற எதையும் நம்பவில்லை.

மொடல் கட்டுகிறவர்கள் என்றொரு இனம் உலகமெங்கும் இருக்கிறது. பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டம் வரும். அதில் காம்பில் கொழுந்து நிற்கிற மாதிரி பாகங்கள் நிற்கும். வெட்டி, அராவி, ஒட்டி, பெயின்ட் அடித்தால் கார். அல்லது விமானம். சொல்வதற்கு ஒரு மூச்சு. செய்வதற்கு ஓர் ஆயுள். லயத்திலிருந்து தோட்டத்து ஆபீசுக்கு வேலைக்குப் போன முதல் ஆள் எங்கள் ஐயா. அவருடைய அம்மா ஒரு நாளைக்குப் பதினாறு கிலோ கொழுந்து எடுத்தவர். மகன் ஒரு சட்டத்திலிருந்து ஒரு பாகத்தைக் கிள்ளியெடுக்க முக்கால் மணித்தியாலம் எடுப்பதை அந்தம்மா ஒருநாள் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார். "ஏன்டா, இதுக்குக் கைகாசு உண்டா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

வேகத்துக்காகவே பிறந்த ஒரு சாமானை உலகத்திலேயே மெதுவான வேலையாக மாற்றுவதுதான் இந்த இனத்தின் தனிக் குணம். அந்த மக்லாரன் 1988 இல் நடந்த 16 பந்தயங்களில் 15 ஐ வென்ற கார். அயர்ட்டன் சென்னாவும் அலன் புரொஸ்டும் ஓட்டினார்கள். ஒரு முழுப் பந்தயமே இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஐயா அதன் முன்சில்லு இரண்டுக்கும் பெயின்ட் அடித்து முடிக்க நாலு மாதம் சென்றது. ஓட்டுநர் ஆசனத்துப் பெல்ட்டுக்குத் தனியாக ஒரு தைப்பொங்கலும் ஒரு தீபாவளியும்.

தாமதத்துக்கு அவர் மட்டும் காரணமில்லை. இரத்தினபுரிப் பக்கம் வருசத்துக்கு 3500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. லெக்கர் பெயின்ட்டில் கலந்திருக்கும் தின்னர் சட்டென்று ஆவியாகும். ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். குளிர்ந்த இடத்தில் காற்றிலுள்ள ஈரம் போய்ப் படியும். பளபளவென்று இருக்க வேண்டிய சிவப்பு, பூசணம் பிடித்த ரொட்டி மாதிரி வெளுத்துப்போகும். ரப்பர் மரத்துப் பட்டை நனைந்திருந்தால் பால்வெட்டு இல்லை என்பது தோட்டத்துச் சட்டம். ஐயா வீட்டிலும் அதே சட்டம்தான். காலையில் பால்வெட்டுக்காரர்கள் வானத்தைப் பார்க்கிற அதே நேரத்தில் அவரும் பின்வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். ஒரு வித்தியாசம், வேலை இல்லையென்றால் அவர்களுக்குச் செக்ரோலில் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. இவருக்கு அந்தக் கவலை இல்லை.

மழை விட்டாலும் விடிவு இல்லை. அடைமழை ஓய்ந்த ஓர் அந்தியில், காற்றில் ஈரம் குறைந்துவிட்டதென்று நம்பி, ஒரு போர் விமானத்தின் இறக்கைக்குக் கடைசிப் பூச்சு அடித்தார். விளக்கைத் தேடி ஈசல் கிளம்பியது. ஒன்று நேராக இடது இறக்கையில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. சாவணத்தால் எடுக்கப் போனால் ஈசல் வந்தது, அதன் சிறகு வரவில்லை. இன்றைக்கும் அந்த விமானத்துக்கு இறக்கை மூன்று. விருந்தாளிகள் கேட்டால், அது சோதனைக்காகச் செய்த ரகம் என்பார்.

ஊர் தந்த உபகாரமும் உண்டு, சொல்லாமல் விடக்கூடாது. விமானியின் கண்ணாடிக் கூண்டுக்குச் சட்டம் சட்டமாகப் பெயின்ட் அடிக்கும்போது, நடுவிலுள்ள கண்ணாடியில் பெயின்ட் படாமல் மறைக்க வேண்டும். அதற்கென்று வெளிநாட்டில் சின்னப் போத்தலில் ஒரு திரவம் விற்கிறார்கள். தடவினால் காய்ந்து தோலாகும். வேலை முடிந்ததும் உரித்துவிடலாம். ஐயா ஒரு போத்தலை வரவழைத்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அமோனியா கலந்த ரப்பர் பால்! பிறந்ததிலிருந்து மோந்த வாசம். நாலு மைல் நடந்தாலும் மூக்கை விட்டுப் போகாத அந்த வாசத்துக்குக் கப்பல் கூலியும் சுங்க வரியும் கட்டியிருந்தார். அடுத்த நாளே பால்வெட்டுக்குப் போகும் ஒரு தம்பியிடம் சிரட்டையில் கொஞ்சம் வாங்கினார். ஈர்க்குக் குச்சியின் நுனியில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். மஞ்சள் படிந்து காய்ந்தது. பெயின்ட் அடித்தபின் நகத்தால் ஒரு மூலையை நெருடினார். கொட்டாங்கச்சியில் ஒட்டுப்பால் உரிகிற மாதிரி முழுசாக உரிந்து வந்தது. அன்று வீட்டில் பாயாசம்.

அதிலிருந்து ஒரு பெருமையும் தொற்றிக்கொண்டது. பிளாஸ்டிக் விமானத்துக்குப் பேர்போன ஏர்பிக்ஸ் கொம்பனி 1939 இல் இங்கிலாந்தில் தொடங்கியபோது செய்தது விமானம் அல்ல, காற்றடைத்த ரப்பர் பொம்மை. பெயரிலுள்ள 'ஏர்' அந்தக் காற்றுத்தான். இதைப் படித்த நாளிலிருந்து, "நம்ம தாத்தா வெட்டுன பாலாக்கூட இருக்கும் தம்பி" என்று சொல்லாமல் அவர் எந்த ஏர்பிக்ஸ் பெட்டியையும் திறப்பதில்லை.

திறப்பது கம்மி, வாங்குவது அதிகம். கட்டிலுக்கு அடியில் பெட்டி, அலுமாரிக்கு மேலே பெட்டி, அரிசி வாளிக்குப் பின்னால் பெட்டி. இப்போது கட்டுகிற வேகத்தில் போனால் எல்லாவற்றையும் முடிக்க அவருக்கு 140 வயது ஆகும் என்று அவர் மனைவி கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். எங்களுக்கெல்லாம் அவர் அக்கா. "அவர் கணக்கு எழுதுனவரு, நான் அவருக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவ" என்பார். புதுப் பெட்டி வீட்டுக்குள் வரும் முறையும் தனி. தோகாவில் இருக்கும் தங்கை மகன் அனுப்பியது என்று வரும். எல்லாப் பெட்டியும் தங்கை மகன் அனுப்பியதே. அவனுக்குக் கலியாணமாகிப் பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகளுக்குக்கூட இத்தனை பொம்மை வாங்கியிருக்க மாட்டான்.

2022 இல் நாட்டில் டொலர் இல்லை, காஸ் இல்லை, பெற்றோல் இல்லை. அக்கா காஸ் சிலிண்டருடன் வரிசையில் நின்றார். மார்ச் மாதக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளும் வந்தது. பெயின்ட் விசிறும் கொம்ப்ரசர் கரண்டில் ஓடுவது. மனுசன் ஓய்ந்து உட்காருவார் என்று நினைத்தோம். பெற்றோல் இல்லாமல் முடங்கிக் கிடந்த என் திரீவீலரின் ஸ்டெப்னி டயரை இரவல் கேட்டு வந்தார். கைப் பம்பால் காற்றடித்து, வால்விலிருந்து ஒரு குழாயை இழுத்து, அந்தக் காற்றில் மக்லாரனுக்கு வெள்ளை அடித்தார். அந்த மாதம் என் டயர் செய்த ஒரே வேலை அதுதான்.

மொடல்காரர்களுக்குள் சண்டை வந்தால் அது நிறத்தால் வரும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்ட அன்று எதிர்த்துப் பறந்த ஹரிகேன் விமானங்களில் ஒரு பகுதி கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கிளம்பியது. பந்தயத் திடலை விமான ஓடுதளமாக்கியிருந்தார்கள். காரும் விமானமும் கட்டுகிற ஐயாவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? ஆனால் அந்த விமானத்தின் அடிவயிறு வெளிர்நீலமா, வெளிர்பச்சையா? கொழும்பிலுள்ள இன்னொரு மொடல்காரரோடு மூன்று வருசமாக டெலிபோனில் வழக்கு. இருவர் கையிலும் இருக்கும் ஆதாரம் கறுப்பு வெள்ளைப் படம். அந்த நாளில் கொழும்பில் கடைச் சிப்பந்தியாக நின்ற என் தாத்தாவிடம் ஒருமுறை சாட்சி கேட்டு வந்தார். தாத்தா சொன்னார்: "தலைக்கு மேல போச்சுப்பா. நான் சாக்குக்கு அடியில கெடந்தேன்." நிறத்தைப் பார்க்காமல் உயிரைக் காப்பாற்றிக்கொண்ட என் தாத்தா மீது ஐயாவுக்குக் கடைசிவரை ஒரு மனக்குறை.

டக்கோட்டா கதை இன்னும் மோசம். 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம் ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறைக்கும் அங்கிருந்து சென்னைக்கும் பறந்தது. அது டக்கோட்டா ரகம், பெயர் 'சீதா தேவி'. டக்கோட்டா மொடல் கிடைக்கிறது. 72 இல் ஒரு பங்கென்றால், அதாவது ஆறடி ஆளை ஓர் அங்குலமாக்கும் அளவில், இறக்கை நாற்பது சென்டிமீட்டர். ஆனால் சீதா தேவி என்ற பெயர் எந்தப் பெட்டிக்குள்ளும் வராது. டவுனிலுள்ள ஒரு கொமியூனிகேஷன் கடையில் ஒட்டுத்தாளில் அச்சடிக்கக் கொடுத்தார். எழுத்து ஒவ்வொன்றும் கடுகளவு இருக்க வேண்டும், இரண்டு பிரதி போதும் என்றார். பையன் மானிட்டரைப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டான்: "ஐயா, மாப்பிள்ளை பேர் போடலியா?"

சாதாரண ஆட்கள் பார்ப்பதை மொடல்காரர்கள் பார்ப்பதில்லை. ரத்மலானையில் விமானப்படை நூதனசாலைக்குப் போனோம். எல்லோரும் விமானத்துக்கு முன்னால் நின்று படமெடுக்க, இவர் அதன் கீழே மல்லாக்கப் படுத்து, சில்லு மடங்கும் குழிக்குள் டோர்ச் அடித்துக்கொண்டிருந்தார். காவலுக்கு நின்றவர் ஓடி வந்தார். 1934 இலிருந்து பேர்போன நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப்பந்தயத்துக்கும் ஒரு சீசனில் கூட்டிப் போனேன். கார்கள் சீறிக்கொண்டு ஏறின. ஐயா பாதைக்கு முதுகைக் காட்டி நின்று, நிறுத்தியிருந்த ஒரு காரின் மட்கார்டில் சேறு எந்தக் கோணத்தில் தெறித்திருக்கிறது என்று கொப்பியில் வரைந்துகொண்டிருந்தார். யார் வென்றது என்று திரும்பி வரும் வழியில் என்னிடம் கேட்கவுமில்லை.

இத்தனையும் சேர்த்துச் செய்த வேலை வெளியில் தெரிந்தாலாவது பரவாயில்லை. மக்லாரனுக்குள் எஞ்சின் இருக்கிறது. எஞ்சினுக்கு வயர் இருக்கிறது. மயிரளவு வயருக்கு முனையில் சிவப்புத் தொப்பி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒட்டியபின் மேல்மூடியைப் போட்டு நிரந்தரமாக மூடிவிட்டார். எனக்குத் தாங்கவில்லை.

"மூடிட்டா யாருங்க பாக்கப் போறா?"

"முப்பத்திரண்டு வருசம் செக்ரோல் எழுதுனேன் தம்பி. யாரு பாத்தா? பிழை இருந்த அன்னைக்கு மட்டும் துரையிலருந்து தலைவர் வரைக்கும் எல்லாரும் பாத்தாங்க."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவர் மேசையில் இன்றைக்கும் பிழை கிடையாது.

போன மாசிவரை மக்லாரனில் பாக்கி ஒன்றே ஒன்று. தரகர்கள் பார்த்துவிட்டுப் போன அதே இடது கண்ணாடி. ஒட்டுவதற்காகச் சாவணத்தில் பிடித்தார். சாவணம் ஒரு நூல் அழுத்தம் கூடினால் சின்னப் பாகம் தெறிக்கும். தெறித்தது. எந்தத் திசை என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா விளக்குமாற்றை எடுக்கப் போனார், "கூட்டாத!" என்று ஐயா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவர் பின்னால் நாலு பேர். கல் விழுந்துவிட்டது என்ற செய்தி டவுன்வரை போய்ச் சேர்வதற்குள் இஸ்தோப்பு நிறைந்துவிட்டது. குழியில் வேலை செய்கிற ஒருவர் கல் அரிக்கும் கூடையோடு வந்து, வீட்டுக் குப்பை முழுவதையும் தண்ணீரில் போட்டுச் சுழற்றி அரித்தார். கையில் நல்ல தேர்ச்சி. ஒரு மூக்குத்தித் திருகு, அக்கா எட்டு வருசமாகத் தேடியது, கிடைத்தது. ஒரு ஹரிகேனின் துப்பாக்கிக் குழல் கிடைத்தது. கண்ணாடி கிடைக்கவில்லை.

இந்த ஊர் மண்ணில் சின்னச் சாமான் புதைவதும் புதிதில்லை. குருவிட்டைப் பக்கத்துப் பட்டதொம்பலென குகையில் தோண்டியபோது, 28,000 ஆண்டுக்கும் முந்திய மனிதர் செதுக்கிய நகத்தளவு கல்லாயுதங்கள் வெளிவந்தன. அவ்வளவு காலம் காத்திருக்க ஐயாவுக்குச் சம்மதம்தான், அக்காவுக்கு இல்லை.

எரத்ன வழியாகச் சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் குருவிட்டையில் இறங்கித்தான் போக வேண்டும். போகிற வழியில் ஐயா வீட்டுப் பக்கம் வந்தால் தேத்தண்ணி நிச்சயம், மக்லாரனையும் காட்டுவார். திரும்பும்போது இஸ்தோப்பில் நின்று செருப்பின் அடியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். நெல்மணி அளவு இருக்கும், மின்னும்.