பண்ணையார் ஆகலாம், வாங்க!

ஹைதராபாத்தில் விவசாயிகள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கச்சிபௌலியிலிருந்து கிளம்புகிறார்கள். மனை விற்கும் கம்பெனியின் காரில், கம்பெனி செலவில், மதியம் பிரியாணி உண்டு என்ற உறுதியோடு. வாரம் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து முதுகு வளைந்தவர்களுக்கு மண்மேல் ஆசை வருவதில் தப்பில்லை. அந்த ஆசைக்கு விலை போட்டு, ஏரிக்கரையில் கம்பிவேலி அடித்து, வாசலில் சிமென்ட் வளைவு கட்டி ஒருவர் காத்திருக்கிறார்.

வளைவைத் தாண்டினால் தார் ரோடு. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் செம்மரக் கன்றுகள். ஒவ்வொன்றின் தூரிலும் ஒரு சொட்டுநீர்க் குழாய். இந்தக் கன்று வளர்ந்தால் உங்கள் பிள்ளையின் அமெரிக்கப் படிப்புக்கு ஆச்சு என்பார் தரகர். அதுவரை தண்ணீர் விடவும் களை வெட்டவும் பராமரிப்புக் கட்டணம் உண்டு என்பதைப் பிரியாணிக்குப் பிறகுதான் சொல்வார். பின்னால் தெரியும் ஏரியைக் காட்டும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். கம்பெனியே லாரியில் கொண்டுவந்து நிரப்பியது போல் ஒரு பெருமிதம்!

நிலம் விவசாய நிலம், விலை மட்டும் கஜக் கணக்கில். ஏக்கருக்கு 40 குண்டா. குண்டாவுக்கு 121 கஜம். 20 குண்டாவுக்குக் குறைத்து ‘ஃபார்ம் பிளாட்’ விற்கக் கூடாது என்பது தெலங்கானா விதி. அதனாலென்ன? முன்பின் தெரியாத பத்துப் பேரை ஒரே பத்திரத்தில் கட்டிப்போட்டு, பிரிபடாத பங்கு என்று எழுதிக் கொடுத்துவிடலாம். உங்கள் இரண்டு குண்டா எங்கே என்று பத்திரத்தில் தேடினால் கிடைக்காது; கம்பெனி அச்சடித்த வண்ணப் படத்தில்தான் இருக்கிறது. அந்தப் படத்தில் ஏரி நீலம், தோட்டம் பச்சை. ஏரி நிரம்பினால் தண்ணீர் எதுவரை ஏறும் என்ற கோடு, அதாவது இந்த ஊரில் இன்று ஆட்டோக்காரர்கூடச் சொல்லும் எஃப்.டி.எல்., எந்த நிறத்திலும் இல்லை.

இந்த ஊரின் பெரிய ஏரிகள் வேடிக்கை பார்க்க வெட்டியவை அல்ல. 1908 செப்டம்பர் 28இல் மூசி ஆறு பொங்கி ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போனது. அஃப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். அந்த மரம் இன்றும் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்தார்கள். 1920இல் உஸ்மான் சாகர், 1927இல் ஹிமாயத் சாகர். நிஜாம் காலத்தில் பிணத்தை எண்ணிவிட்டு அணை கட்டியிருக்கிறார்கள். மக்களாட்சியில் அணையைப் பார்த்துவிட்டு மனை போடுகிறோம்.

அதைத் தடுக்கத்தான் 1996 மார்ச் 8இல் அரசாணை 111 வந்தது. இரண்டு ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டர், 84 கிராமங்கள், சுமார் 1,32,600 ஏக்கர். மாசுபடுத்தும் ஆலை கூடாது, பெரிய ஹோட்டல் கூடாது, குடியிருப்புக் காலனி கூடாது. நீர்ப்பிடிப்புப் பரப்பில் 90 சதவீதம் பொழுதுபோக்குக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் என்றது ஆணை. நம் கனவான்கள் பாதுகாப்பை அரசாங்கத்திடம் விட்டுவிட்டுப் பொழுதுபோக்கைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். நீச்சல்குளம், விருந்துக் கூடம், ஆளுயர மதில், உள்ளே நாலு மாமரம். மாமரம் இருப்பதால் அது பண்ணை.

சட்டம் தூங்கியது என்று சொல்லிவிட முடியாது. ஷம்ஷாபாத் பக்கம் பெத்தஷாபூரில் ஆமணக்கெண்ணெய் ஆலை வைக்க வந்தவர்களை உச்ச நீதிமன்றம் வரை இழுத்து நிறுத்தியது. ஏரிக்குக் கெடுதல் வராது என்று காட்டவேண்டியது ஆலைக்காரர் பொறுப்பு என்று 1999இல் எழுதிய அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். பாவம், ஆலைக்காரருக்கு விவரம் போதவில்லை. செக்குக்குப் பக்கத்தில் ஒரு நீச்சல்குளம் வெட்டி, நாலு பெரிய மனிதர்களை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கவேண்டும்.

2020 மார்ச்சில் ஜன்வாடாவில் ஒரு பண்ணைவீட்டின் மேல் டிரோன் பறக்கவிட்டதாக, அன்று எதிர்க்கட்சியில் இருந்த ரேவந்த் ரெட்டியைக் கைது செய்தார்கள். வீடு அன்றைய அமைச்சர் கே.டி. ராமா ராவுடையது, 111ஐ மீறியது என்பது ரேவந்தின் குற்றச்சாட்டு. என்னுடையதல்ல, நண்பருடையது, குத்தகைக்கு எடுத்தது என்பது ராமா ராவின் பதில். டிரோன் வழக்கில் உள்ளே போனவர் 2023 டிசம்பரில் முதல்வரானார். அடுத்த ஜூலையில் ஏரிகளைக் காக்க ‘ஹைட்ரா’ என்ற அரசு அமைப்பு வந்தது. 2024 ஆகஸ்ட் 24இல் தம்மிடிகுண்டா ஏரிக்கரையில் நடிகர் நாகார்ஜுனாவின் என் கன்வென்ஷன் மண்டபத்தை இடித்தபோது ஊரே கைதட்டியது. பட்டா நிலம் என்றார் அவர். நீதிமன்றத் தடை வந்தபோது மண்டபம் இல்லை.

கைதட்டல் ஓய்வதற்குள் ஹைட்ராக்காரர்கள் குக்கட்பல்லி நல்ல செருவு ஏரிக்குப் போனார்கள். வாடகைக் கொட்டகையில் சமையல் தொழில் செய்தவர்கள் அடுப்பையும் அண்டாவையும் வெளியே எடுக்கக்கூட நேரம் தரவில்லை என்று அழுதார்கள். அதற்குச் சில வாரம் முன்பு துர்கம் செருவுக் கரையிலிருந்த பெரிய வீடுகளுக்கு, முதல்வரின் உடன்பிறந்தவர் வீடு உட்பட, நோட்டீஸ் ஒட்டினார்கள். அவர்களுக்கு 30 நாள் அவகாசம். ஞாயிற்றுக்கிழமையில் என்ன இடிப்பு என்று உயர் நீதிமன்றம் ஹைட்ராவைக் கேட்டது. இந்த வீடுகளுக்கெல்லாம் பத்திரம் பதிந்து, மின்இணைப்பு கொடுத்து, சொத்துவரி வாங்கிய கைகளைத் தேடி ஒரு புல்டோசரும் போகவில்லை.

உஸ்மான் சாகர் இருக்கும் கண்டிப்பேட்டையில் விலை எட்டவில்லையா? வடக்கே போங்கள். நர்சாபூர் காடு, கஜ்வேல், கொண்டபோச்சம்மா சாகர். பண்ணைவீட்டு முதல்வர் என்று எதிர்க்கட்சிகள் கேலி செய்த கே. சந்திரசேகர ராவின் எர்ரவல்லிப் பண்ணையும் அந்தப் பக்கம்தான். காளேஸ்வரம் திட்டத்தில் 2020இல் கொண்டபோச்சம்மாவும் 2022இல் 50 டி.எம்.சி. மல்லன்ன சாகரும் திறந்தார்கள். தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருக்கின்றன. மாமிடியாலா, வேமுலகாட் என்று அவற்றுக்குப் பெயர்களும் இருந்தன. வேமுலகாட்டில் 2021இல் ஒரு முதியவர், இடித்துப்போட்ட தன் வீட்டு மரங்களையே அடுக்கிச் சிதை மூட்டி உயிர்விட்டார் என்று செய்தி வந்தது. தரகர் நீர்த்தேக்கத்தைக் கைநீட்டிக் காட்டும்போது அவர் விரல் அந்த வீட்டுப் பக்கம்கூடப் போகலாம். சதுர கஜத்துக்கு அதற்காகத் தனியாக வாங்கமாட்டார்கள், பயப்படவேண்டாம்.

விவசாயி என்று சொல்லிக்கொள்வதில் லாபமும் இருந்தது. 2018இல் வந்த ரைத்து பந்து திட்டம், ஏக்கருக்குப் பருவத்துக்கு 4,000, பிறகு 5,000 ரூபாய் என்று பட்டாதாரர் கணக்கில் போட்டது. உச்சவரம்பு கிடையாது, உழுதீரா என்ற கேள்வியும் கிடையாது. பட்டா புத்தகம் வைத்திருந்த பண்ணைவீட்டுக்காரருக்கும் பணம் வந்தது. பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்து, கடன் வாங்கிப் பருத்தி போட்டவருக்கு ஒரு பைசா இல்லை. பட்டா அவர் பெயரில் இல்லையே. செம்மரக் கன்றுக்கு உதவி, பருத்திக்காரருக்கு வட்டி. இதற்குக் கோபம் வராவிட்டால் வேறு எதற்கு வரும்?

இதற்கிடையில் 2022 ஏப்ரலில் 111ஐத் தளர்த்தி அரசாணை 69 வந்தது. நகரத்தின் குடிநீரில் இந்த இரண்டு ஏரிகளின் பங்கு 1.25 சதவீதம்கூட இல்லையாம். அணை எதற்குக் கட்டினார்கள் என்பதை வசதியாக மறந்த கணக்கு இது. 2025 செப்டம்பர் கடைசியில் மழை அடித்து, இரண்டு ஏரிகளின் மதகையும் திறந்தபோது, மூசி மகாத்மா காந்தி பேருந்து நிலையத்துக்குள் புகுந்தது. 1908 வெள்ளத்துக்கு 117 ஆண்டு நிறைய ஓரிரு நாள்தான் பாக்கி.

சென்னையிலிருந்து இங்கே வேலைக்கு வந்த நம் ஆட்களும் இந்தக் கார்களில் ஏறுகிறார்கள். வேளச்சேரியில் முதல் மாடிவரை தண்ணீர் பார்த்துவிட்டு வந்தவர்கள், இங்கே முன்பணம் கட்டித் தண்ணீர் தேடுவதுதான் எனக்குப் புரியவில்லை.

வாங்கித்தான் தீருவேன் என்றால் ஒரு வேண்டுகோள். ஏரி வற்றிக் கிடக்கும் ஏப்ரலில் போய் மனையைப் பார்க்காதீர்கள். செப்டம்பரில், நாலு நாள் விடாமல் மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். அன்றைக்குக் கம்பெனி கார் வராது, தரகர் போனை எடுக்கமாட்டார். உங்கள் சொந்தக் காரில்தான் போகவேண்டும்.